ஆப்பிளையும் சிவப்பையும் பிரியுங்கள்: வண்ண அட்டை வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மழலையருக்கான வண்ண அட்டைகளை வடிவமைத்து வெளியிடும் பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். சிவப்புக்கு ஆப்பிள், மஞ்சளுக்குச் சூரியன், பச்சைக்கு இலை, நீலத்துக்கு வானம் என்று நிறத்துக்கு ஒரே ஒரு படம் வைத்துத்தான் பெரும்பாலான வண்ண அட்டைகள் வருகின்றன. இந்த அமைப்பை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

ஆப்பிள் அட்டையைக் கண்டதும் "சிவப்பு" என்று உரக்கச் சொல்லும் குழந்தை, சிவப்புக் குடையைக் காட்டினால் விழிக்கிறது. இதை மறதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "சிவப்பு" என்பதை ஆப்பிளின் இன்னொரு பெயராக அந்தக் குழந்தை கற்றிருக்கிறது, அவ்வளவுதான். அட்டையில் உருவமும் இருக்கிறது, நிறமும் இருக்கிறது. சொல்லப்பட்ட சொல் இரண்டில் எதற்குரியது என்று ஊகிக்க ஒற்றைப் படம் வழி தருவதில்லை. புதிதாகக் கேட்கும் சொல்லைப் பொருளின் பெயராகவே முதலில் எடுத்துக்கொள்வது சிறு குழந்தைகளின் இயல்பு.

நிற வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில் குழந்தைக்குச் சிரமம் இல்லை. 4 மாதக் குழந்தையே சிவப்பையும் பச்சையையும் வேறுவேறாகப் பார்க்கிறது. சொல்லின் எல்லைதான் கடினம்: சிவப்பு எதுவரை, ஆரஞ்சு எங்கிருந்து? 2, 3 வயதில் "என்ன நிறம்?" என்று கேட்டால் ஏதோ ஒரு நிறப்பெயரைச் சொல்ல வேண்டும் என்பது பல குழந்தைகளுக்குப் புரிந்துவிடும். எந்தப் பெயர் என்பது அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லப் பிடிபடும். ஆரஞ்சையும் இளஞ்சிவப்பையும் "சிவப்பு" என்று சொல்லும் குழந்தை பாதி தூரம் வந்துவிட்டது. அந்தக் குழந்தைக்குத் தேவை இன்னும் பல வகைச் சிவப்புகள், அவற்றோடு "இது சிவப்பு இல்லை" என்று பக்கத்தில் வைத்துக் காட்ட ஏதுவான அட்டைகள். உங்கள் தொகுப்பில் இரண்டும் இல்லை.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் வண்ணப் பலகைகள் இதற்கு நல்ல முன்மாதிரி. எல்லாப் பலகையும் ஒரே வடிவம், ஒரே அளவு. மாறுவது நிறம் மட்டும். முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என 3 இணைகள்தான். 11 இணைகள் அடுத்த பெட்டியில்தான் வருகின்றன.

நாங்கள் கேட்பது 36 அட்டைகள் கொண்ட தொகுப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளை ஆகிய 6 நிறங்கள் போதும். ஒவ்வொன்றிலும் படமில்லாத வெறும் வண்ண அட்டை 2, ஆக 12. பிறகு பந்து, குவளை, குடை ஆகிய மூன்று பொருள்களும் ஆறு நிறத்திலும்: 18. இயற்கையிலேயே நிறம் ஒட்டிக்கொள்ளாத பொருள்களாகப் பார்த்து எடுத்திருக்கிறோம்; இலையும் வானமும் இதற்கு ஆகாது. ஒரே சிவப்பை மூன்று முறை அச்சிடாமல், பந்தில் சற்று அடர்த்தியாகவும் குடையில் சற்று வெளிர்ந்தும் வையுங்கள். மீதி 6 அட்டைகள் தனி உறையில் இருக்கட்டும்: சட்டை, நாற்காலி, பை போன்ற வேறு பொருள்கள், நிறத்துக்கு ஒன்று. இவற்றைக் கற்பிக்கும்போது காட்டவே கூடாது. புதுப் பொருளிலும் குழந்தை நிறத்தைச் சொல்கிறதா என்று பார்க்க மட்டும்தான் இவை.

ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, பழுப்பு, ஊதா, சாம்பல் ஐந்தும் இரண்டாம் தொகுப்புக்குப் போகட்டும். "இளஞ்சிவப்பு" என்ற சொல்லுக்குள்ளேயே சிவப்பும், ஆரஞ்சைக் குறிக்கும் "செம்மஞ்சள்" என்பதற்குள் மஞ்சளும் கேட்கின்றன. முதல் ஆறு உறுதியாகும் முன் இவை நுழைந்தால் குழப்பமே மிஞ்சும். சில வீடுகளில் நீலத்தையே ஊதா என்பார்கள் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். பெயரை அட்டையின் முன்பக்கம் அச்சிட வேண்டாம். வாசிக்கப் போகிறவர் பெரியவர்தான். பின்பக்கம் சிறிதாக இருந்தால் போதும். அதன் கீழே வீட்டில் புழங்கும் சொல்லை எழுதிக்கொள்ள ஒரு வரி காலியாக விடுங்கள்.

அச்சகத்தில் நேரும் தவறுகள் வகுப்பில் பெரிய தொல்லையாகின்றன. முதல் குற்றவாளி நீலம். நான்கு வண்ண அச்சில் சயான் என்ற பச்சை கலந்த நீல மையும் மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு மையும் ஏறக்குறைய ஒரே அளவில் சேர்ந்தால், திரையில் நீலமாகத் தெரிந்தது தாளில் ஊதாவாக இறங்கும். மெஜந்தாவை சயானைவிடக் குறைந்தது 30 விழுக்காடு குறைத்து வையுங்கள். திரையில் பளிச்சிடும் பச்சையும் ஆரஞ்சும் இந்த அச்சில் மங்கும் என்பதால் மாதிரித் தாளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். பளபளப்பான பூச்சு வேண்டாம். விளக்கொளி பட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அட்டை வெள்ளையாகத் தெரியும். பளபளப்பில்லாத மேட் பூச்சு, வட்டமாக வெட்டிய முனைகள், 300 முதல் 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாள். பின்னணி எல்லா அட்டைக்கும் ஒரே வெளிர் சாம்பலாக இருந்தால் வெள்ளைக் குவளையும் தெரியும், கறுப்புக் குடையும் தெரியும். கண், வாய், பூவேலை எதுவும் பொருளின் மேல் வேண்டாம்.

இனி, பெட்டிக்குள் வைக்கும் கையேடு. "அட்டையைக் காட்டுங்கள், பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்" என்ற இரண்டு வரி போதாது. வரிசை இதுதான்: முதலில் பொருத்துதல், பிறகு சுட்டுதல், கடைசியில்தான் பெயர் சொல்லுதல். வெறும் வண்ண அட்டைகளைக் கொட்டி, "இதே மாதிரி இன்னொன்று எடு" என்பது பொருத்துதல். இதற்குச் சொல்லே தேவையில்லை. அடுத்து இரண்டே நிறங்கள், சிவப்பும் நீலமும் போலத் தெளிவாக வேறுபடுபவை: "சிவப்பு எங்கே?" இரண்டும் நிலைத்த பிறகு மூன்றாவதாக மஞ்சள். பச்சையையும் நீலத்தையும் ஒரே நாளில் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டாம். ஒரு அமர்வு 3 முதல் 5 நிமிடம். குழந்தை எழுந்து போனால் அத்தோடு முடிந்தது.

சொல்லும் முறையும் முக்கியம். "சிவப்புப் பந்து" என்பதைவிட "பந்து சிவப்பு" என்பது உதவும். பொருளின் பெயர் முதலில் வந்துவிடுவதால், அடுத்து வரும் சொல் வேறு எதையோ குறிக்கிறது என்று குழந்தையின் கவனம் நிறத்துக்குத் திரும்புகிறது. ஆங்கிலம் பேசும் சிறு குழந்தைகளிடம் உளவியல் ஆய்வாளர் மைக்கேல் ராம்ஸ்கரும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளின் பெயருக்குப் பிறகு நிறப்பெயரைக் கேட்டவர்களே நன்றாகத் தேறினார்கள். ஆங்கிலத்தில் இதற்காக வாக்கியத்தையே மாற்ற வேண்டும். நமக்கோ "குடை மஞ்சள், குவளையும் மஞ்சள், பந்து மட்டும் நீலம்" என்று இயல்பாகவே வருகிறது.

"இது சிவப்பா?" என்று கேட்டால் பல குழந்தைகள் எதற்கும் "ஆமாம்" என்பார்கள், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அட்டைகளை ஒவ்வொரு முறையும் கலைத்து வையுங்கள், இல்லாவிட்டால் வரிசை மனப்பாடமாகிவிடும். கேட்பவரின் கண் சரியான அட்டைக்குப் போனால் குழந்தை கண்ணைப் பார்த்தே எடுத்துவிடும். நான்கு அட்டைகளில் ஒன்றைச் சரியாக எடுப்பது குருட்டாம்போக்கிலும் 4-இல் ஒரு முறை நடக்கும். தொடர்ந்து மூன்று முறை அப்படி அமைவது 64-இல் ஒரு முறைதான். ஆகவே மூன்று முறை, இடம் மாற்றி. தவறாக எடுத்தால் "தப்பு" என்று சொல்லாமல், இரண்டையும் அருகருகே வைத்து "இது நீலம், இது பச்சை" என்று காட்டிவிட்டு, சற்று நேரம் கழித்து வேறு பொருளில் கேளுங்கள்.

நிறப்பார்வைக் குறைபாடு பற்றி எந்தக் கையேட்டிலும் ஒரு வரிகூட இல்லாதது எங்களை வருத்துகிறது. சிவப்பு-பச்சைக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் ஆண் குழந்தைகளிடம் அதிகம். சில மக்களிடையே ஆண்களில் 100-க்கு 8 பேர் வரை உண்டு. இந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு "மந்தம்" என்று பெயர் கட்டிவிடுகிறார்கள். பெயர் சொல்வதில் தவறினால் அது பெரும்பாலும் சொல்லறிவு பற்றியது. பொருத்துவதிலேயே மீண்டும் மீண்டும் பச்சையைப் பழுப்போடும், ஊதாவை நீலத்தோடும், இளஞ்சிவப்பைச் சாம்பலோடும் சேர்த்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடர்ந்த நிற அட்டைகளை வெளிச்ச வேறுபாட்டை வைத்தே சரியாகப் பொருத்திவிடும் குழந்தைகளும் உண்டு. எனவே அட்டையில் தேறிவிட்டதை மட்டும் வைத்துக் கண்ணில் குறையில்லை என்று முடிவு செய்யக் கூடாது. இந்த வரிகளை அடுத்த பதிப்பின் கையேட்டில், பெற்றோர் முதலில் திறக்கும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

அன்புடன்,
மழலையர் வகுப்பு ஆசிரியர்கள் சிலர்