பிரேக் இல்லாத வண்டி

தருமபுரி

அன்புள்ள மாதேசா,

நீ அனுப்பிய ஸ்பீட்வே வீடியோவை, அதுதான் அந்த மண் மைதானத்து பைக் ரேஸை, பட்டறையில் மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். முதல் தடவையே நம்ம சின்னப் பையன், "அண்ணே, பிரேக் லீவரைக் காணோமே!" என்றான். நான் நம்பவில்லை. நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் உருண்ட லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். முப்பது வருஷமாக பிரேக் ஷூ மாற்றித்தான் சோறு தின்கிறேன். இந்த ரேஸ்காரர்கள் என்னடா என்றால் வேண்டுமென்றே இல்லாமல் செய்து ஓட்டுகிறார்கள்!

அப்புறம் இரண்டு ராத்திரி அதையே தேடிப் படித்தேன். உன் அண்ணி திட்டியதை எழுதவில்லை. 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரே கியர், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். எடை 77 கிலோவுக்குக் குறையக்கூடாதாம். நம்ம ஸ்பிளெண்டரே நூறைத் தாண்டும். அந்த எடைக்கு அந்த இன்ஜின் என்றால் வண்டி கையில் நிற்குமா? வளைவில் ஆக்சிலேட்டரை விடாமல் முறுக்கி, பின்சக்கரத்தை மண்ணில் வழுக்கவிட்டே திரும்புகிறார்கள். இடப்பக்கம் திரும்பும்போது ஹேண்டில் வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. இடது காலில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ், அதைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறார்கள். பிரேக் இருந்தால்தான் ஆபத்தாம். முன்னால் போகிறவன் சட்டென்று பிடித்தால், பின்னால் வருகிறவன் அவன் மேலேயே ஏறிவிடுவான். யோசித்தால் சரிதான்.

நாடுகளுக்கிடையே அணிப் போட்டி 1960-லிருந்தே நடக்கிறதாம். முதல் கோப்பை ஸ்வீடனுக்கு. போலந்தில் நீ இருக்கும் வ்ரோட்ஸ்வாஃப் ஊரிலேயே 2023-இல் உலகக் கோப்பை நடந்து போலந்து ஜெயித்திருக்கிறது. நீ போய்ச் சேர்ந்ததோ அடுத்த வருஷம். உன் ராசி அப்படி.

எனக்குப் பிடித்தது 2018-இல் தொடங்கிய ஜோடிப் போட்டிதான். ஒரு ரேஸில் இரண்டு நாடு, நாட்டுக்கு இரண்டு பேர், நாலு சுற்று. சாதாரணமாக ஸ்பீட்வேயில் 3, 2, 1, 0 என்று புள்ளி கொடுப்பார்கள். இதில் 4, 3, 2, 0 என்று மாற்றிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார். ஒருவன் பறந்துபோய் முதலில் வந்து, கூட்டாளி கடைசியில் வந்தால் நாலு. இரண்டாவதும் மூன்றாவதுமாகச் சேர்ந்து வந்தவர்களுக்கு ஐந்து! அதனால் முன்னால் போகிறவன் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறான்.

இதைப் படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. ஒகேனக்கல் போனோமே, பென்னாகரம் தாண்டி என் வண்டி செயின் அறுந்து நான் நடுரோட்டில் உட்கார்ந்திருக்க, நீ போய் ஆற்றில் குளித்து, மீன் வறுவலும் தின்றுவிட்டுத்தானே திரும்பி வந்தாய்? அன்றைக்கு நமக்கு நாலு புள்ளிதான்டா.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் குறையவில்லை, களி கிண்ட விடமாட்டேன் என்றாலும் கேட்பதில்லை. பட்டறையில் இப்போது பேட்டரி வண்டிகளும் வருகின்றன. அதை நான் தொடுவதில்லை, சின்னப் பையன்தான் பார்க்கிறான்.

அடுத்த தடவை மைதானத்துக்குப் போனால், ரேஸ் முடிந்து வண்டியைக் கழுவும் இடத்தில் நின்று கிளட்சையும் அந்த இரும்பு பூட்ஸையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. தூரத்திலிருந்து எடுத்தால் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

உன்
கோவிந்தன்