தோட்டக் குளத்தின் அருவியை இரவில் நிறுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், வீட்டுக் கொல்லையில் சிறு குளம் வெட்டி, அதில் அருவி அமைத்து, தங்கமீன் வளர்ப்பது குறித்து வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். குழி தோண்டுவது, விரிப்புப் போடுவது, கல் அடுக்குவது எல்லாமே எளிதில் விளங்கும்படி எழுதப்பட்டிருந்தன. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில், இரவில் அருவியைப் பார்க்க ஆள் இல்லாததால் மோட்டாரை நிறுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்று ஒரு யோசனை சொல்லப்பட்டிருந்தது. அந்த ஒரு யோசனைக்காகத்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். இதே யோசனையைக் கேட்டு நடந்து, ஒரே விடியற்காலையில் ஒன்பது மீன்களைப் பறிகொடுத்தவன் நான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் திருச்சி உறையூரில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியை ஒட்டி, எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் சிமென்ட் குளம் ஒன்று கட்டினோம். ஏறத்தாழ 2,800 லிட்டர் கொள்ளும். ஒரு மூலையில் கருங்கற்களை அடுக்கி, அதன் உச்சியில் ஜல்லியும் நுரைப்பஞ்சும் நிரப்பிய வடிகட்டித் தொட்டியை மறைத்து வைத்து, அதிலிருந்து தண்ணீர் வழிந்து குளத்தில் விழும்படி செய்தோம். மீன்களைச் சென்னைக்குப் போனபோது கொளத்தூர் கடைகளில் வாங்கி, பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பைகளில் ரயிலில் கொண்டுவந்தேன். பதினான்கு மீன்கள். ஒரு நாள் பயணத்துக்கே மீனுக்குப் பிராணவாயு தனியாக அடைத்துக் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் கையால் செய்து காட்டியும், அதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

குளத்தைக் கட்டித் தந்தவர், இரவில் மோட்டாரை நிறுத்திவிடச் சொன்னார். கார்த்திகை முதல் மாசி வரை இரவு பத்து மணிக்கு நிறுத்தி, காலையில் போட்டேன். ஒரு குறையும் வரவில்லை. அதனால் அந்தப் பழக்கம் சரியானது என்றே நம்பிவிட்டேன். பிறகு அக்னி நட்சத்திரம் வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகள் ஒரு மாலை முழுவதும் குளத்தங்கரையில் உட்கார்ந்து, கை கையாகப் பொரியை அள்ளிப் போட்டார்கள். மீன்களும் சளைக்காமல் தின்றன; தின்றது போக மிஞ்சியது ஊறி அடியில் படிந்தது. தண்ணீர் ஏற்கெனவே இலேசான பச்சை நிறத்தில் இருந்தது. அன்று இரவும் வழக்கம்போல் மோட்டாரை நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

காலை ஐந்து மணிக்குக் கிணற்றடிக்குப் போனபோது, மீன்கள் அத்தனையும் அருவி விழும் மூலையில் கூடி நின்றன. கல் காய்ந்து கிடந்தது. தண்ணீர் விழாத அந்தக் கல்லுக்குக் கீழே, வாயை மேல்மட்டத்துக்கு வெளியே நீட்டி, திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசியென்று எண்ணிக்கொண்டு ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டேன். முதலில் வந்து விழுந்த தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றத்துடன் இருந்தது. அதற்கு நேர் கீழே நின்ற மீன்கள்தாம் முதலில் சாய்ந்தன. ஏழு மணிக்குள் ஒன்பது மீன்களைத் துணியில் எடுத்து வைத்தேன். அவற்றில் உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்த, வால் விளிம்பு மட்டும் வெளுத்த செம்மஞ்சள் மீன் ஒன்று, என் கைவிரலைத் தொட்டுத் தீனி வாங்கப் பழகியிருந்தது.

நடந்தது என்ன என்பதைப் பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய பிராணவாயு, ஒரு லிட்டர் காற்றில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கொஞ்சமும் வெப்பம் ஏற ஏறக் குறைகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். நம் ஊரில் வைகாசி வெயிலில் ஆழமற்ற குளத்துத் தண்ணீர் அதையும் தாண்டிச் சூடாகிறது. தண்ணீர் சூடாகும்போது மீனின் உடலும் வேகமாக இயங்கி, அதிகப் பிராணவாயுவைக் கேட்கிறது. அதாவது வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது. மார்கழியில் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் இதுவே விடை.

பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்பதைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். சூரியன் மறைந்தபின் அவையும் மீன்களைப் போலவே பிராணவாயுவை உட்கொள்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். தண்ணீர் எவ்வளவு பச்சையாக இருக்கிறதோ, இரவுச் செலவு அவ்வளவு அதிகம். அடியில் அழுகும் பொரியும் இலையும் அதில் பங்கு கேட்கும். ஆகவே குளத்தில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கும் நேரம், விடிவதற்குச் சற்று முன்புதான். பகலில் அருவியைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தாலும் ஓரளவு தாங்கலாம். இரவில்தான் அது கட்டாயம் ஓட வேண்டும். கட்டுரையில் சொல்லியிருந்தது இதற்கு நேர் எதிர்.

கறுத்த தண்ணீருக்கும் காரணம் உண்டு. மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன; அது அவற்றுக்கே நஞ்சு. வடிகட்டியிலுள்ள ஜல்லியின் மேல் படிந்து வாழும் நுண்ணுயிரிகளில் ஒரு வகை அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்விரண்டுக்கும் பிராணவாயு வேண்டும். ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே வடிகட்டிக்குள் தேங்கிய தண்ணீரில் அது தீர்ந்து, நல்ல உயிரிகள் மடியத் தொடங்கும். பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் வேறு உயிரிகள் அங்கே கந்தக நாற்றமுள்ள நச்சு வாயுவை உண்டாக்கும். காலையில் மோட்டாரைப் போட்டவுடன் நான் மீன்களின் தலையில் கொட்டியது அந்தத் தண்ணீரைத்தான். நீண்ட நேரம் நின்றுபோன வடிகட்டியின் முதல் தண்ணீரைக் குழாயைத் திருப்பிவிட்டு வெளியேற்றிய பிறகே குளத்துக்குள் விட வேண்டும் என்பதை அன்று எனக்குச் சொல்வார் இல்லை.

மின்சாரக் கணக்கையும் வாசகர்கள் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். எங்கள் மோட்டார் 40 வாட். நாள் முழுவதும் ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவே செலவாகும். இரவு எட்டு மணி நேரம் நிறுத்தினால் மிச்சமாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 20 யூனிட்டுகூட வராது. அந்த இருபது யூனிட்டுக்காக உயிர்களைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

மோட்டார் பெட்டியில் மணிக்கு 2,500 லிட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். அது தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. மூன்றடி உயரத்துக்கு ஏற்றியபின் அருவியின் வாயில் 15 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன். நிறைய 32 நொடி ஆயிற்று. அப்படியானால் மணிக்குச் சுமார் 1,700 லிட்டர்தான். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் குளம் முழுவதும் ஒரு சுற்று வந்துவிடுகிறது என்பதால் எங்களுக்கு அது போதும். ஆனால் உயரமான அருவி அழகு என்று ஆறடிக்குக் கல் அடுக்குவோர், அதே மோட்டாரில் பாதித் தண்ணீர்கூட வராமல் ஏமாறுவார்கள். மீனுக்கு வேண்டியது உயரமன்று. தண்ணீர் அகலமான கல் விளிம்பில் மெல்லிய தகடாகப் பரவி, உடைந்து, மேல்மட்டத்தைக் கலக்கியபடி விழ வேண்டும். காற்று தண்ணீருக்குள் கலப்பது அங்கேதான். ஒன்றரை, இரண்டு அடி உயரமே தாராளம். அல்லிக்கு இலைமேல் தண்ணீர் தெறிப்பது ஆகாது என்பதால் அதை எதிர்மூலையில் வைப்பது நல்லது.

மின்தடை வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். மின்கலத்தில் இயங்கும் சிறிய காற்றுப் பம்புகள் மீன் கடைகளில் கிடைக்கின்றன. கோடையில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். அதுவும் இல்லையென்றால், வாளியில் குளத்துத் தண்ணீரையே மொண்டு, இடுப்புயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் குளத்தில் ஊற்றலாம். அந்தக் காலையில் எஞ்சிய ஐந்து மீன்களை நானும் என் மனைவியும் இப்படி மாறி மாறி ஊற்றித்தான் காப்பாற்றினோம்.

புதிதாகக் குளம் அமைப்போர் பொறுமையின்மையாலும் மீன்களை இழக்கிறார்கள். புதுச் சிமென்ட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தை ஏற்றிவிடும். எங்கள் பக்கத்தில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, சில நாள் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவார்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தபின் குளத்தை நன்றாகக் கழுவிவிடலாம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை ஓரிரு நாள் அருவியில் ஓடவிட வேண்டும். இவ்வளவு செய்தபின்னும் வடிகட்டியில் நல்ல உயிரிகள் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, தீனியை அளந்து போட்டு, பின்னர் கூட்டிக்கொள்ளலாம். மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. பொரி வேண்டாம் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது நான் சொல்ல வேண்டியதே இல்லை. தெருப் பிள்ளைகளுக்கு அவர்களே சொல்கிறார்கள்.

ஓடும் தண்ணீரும் மீனும் உள்ள குளத்தில் கொசு பெருகுவது அரிது. தங்கமீன்கள் கொசுப்புழுவை விரும்பித் தின்னும். நின்றுபோன அருவியின் கல் இடுக்குகளில் தேங்கும் நீரில்தான், மீன் எட்டாத இடமாதலால், டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். இதுவும் அருவி நிற்காமல் ஓட வேண்டியதற்கு ஒரு காரணம். தண்ணீருக்குள் இரவும் பகலும் மின்சாரம் இருப்பதால், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனத்தை மின்பணியாளரைக் கொண்டு பொருத்தாமல் மோட்டாரை இறக்கவே கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இரும்பு வலைச் சட்டம் வைப்பதும் அவ்வாறே கட்டாயம்.

மீன்கள் மடிந்த வருத்தத்தில் குளத்தையே மூடிவிட நினைப்போர், மிஞ்சிய மீன்களை அருகிலுள்ள ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடுவதைக் கேள்விப்படுகிறேன். தங்கமீன் சீனத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட கெண்டை இனம். சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் என்ற ஊரின் ஏரியில், வளர்த்தவர்கள் விட்ட தங்கமீன்கள் பெருத்துப் பெருகியதைக் கண்டு, 2021-இல் அவ்வூர் நிர்வாகமே மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. வளர்க்க முடியாதவர்கள் வேறொரு வளர்ப்பவரிடமோ கடையிலோ கொடுத்துவிட வேண்டும்.

தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்தக் கோடை விடுமுறையிலேயே குளம் கட்டத் தொடங்கும் வாசகர்கள் பலர் இருப்பார்கள். எனவே அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, அதே பகுதியில், அருவியை இரவில் நிறுத்தக் கூடாது என்ற திருத்தத்தைக் கண்ணில் படும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி.