பரிசு கொடுக்கணுமாம்!

மச்சான்,

பொங்கலுக்குப் போட்ட மெசேஜுக்கே நீ பதில் போடவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொன்னாலும் "அதான் பசங்க விளையாட்டாச்சே" என்று முடித்துவிடுகிறார்கள். வீட்டில் எல்லோரும் நலம். தடியன் கடலூர் சில்வர் பீச்சில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறான், உனக்கு மட்டும் கடன் கிடையாதாம்.

மஞ்சக்குப்பத்தில் ஞாயிறுதோறும் நாடக விளையாட்டு நடத்துகிறேன் இல்லையா, கூட்டம் இப்போது ஒரு தினுசாகச் சேர்ந்துவிட்டது. பொடிசுகள், பேரனை விட வந்து தானும் ஆட ஆரம்பித்துவிட்ட ஆயா, சக்கர நாற்காலிப் பையன், காது கேட்காத பெண், கண் தெரியாத காலேஜ் பையன். தோற்றவர் 'அவுட்' என்று உட்காருகிற ஆட்டம் எதுவும் கிடையாது. யோசித்துப் பார், முதலில் ஓரமாகப் போய் உட்காருவது யார்? யார் அதிகம் ஆட வேண்டுமோ அவர்கள்தான்.

சிகாகோ நாடக ஆசிரியை வயோலா ஸ்போலின் சொல்லிக்கொடுத்த கண்ணாடி விளையாட்டு உனக்குத் தெரியும், ஒருவர் செய்வதை எதிரில் இருப்பவர் அப்படியே செய்யணும். நாற்காலிப் பையனுக்காகச் சலுகை எதுவும் கொடுக்கவில்லை, எல்லோரையும் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டேன், கையும் முகமும் மட்டும்தான் ஆட்டம். பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவாலிடமிருந்து ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு, தன் ஜோடி எழுப்புகிற சத்தத்தின் பின்னாலேயே நடப்பது. காலேஜ் பையன் எருமை மாதிரி கத்தினான், ஆயா கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போகிறார், அதைப் பார்க்க நீ இருந்திருக்கணும்! காது கேட்காத பெண்ணுக்குச் சத்தம் உதவாதே, அப்புறம் தோளில் தட்டுவதுதான் சத்தம் என்று எல்லோருக்குமே மாற்றிக்கொண்டோம். யாருக்கும் தனி ஆட்டம் இல்லை, ஆட்டமே மாறும்.

இப்போது வந்திருக்கிறது வினை. ஹாலை இலவசமாகத் தந்தவர் ஆண்டு விழாவில் நாடகம் போடச் சொல்கிறார், சிறந்த நடிகருக்குப் பரிசாம். "நல்லா நடிக்கிறவங்களப் பொறுக்குங்க சார், மத்தவங்க பாட்டுக்குப் பின்னாடி நிக்கட்டும்." அதோடு விட்டாரா, "நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளே சின்னப் பசங்களை வெச்சுத்தானே போட்டார்" என்கிறார். அது அந்தக் காலத்துப் பாய்ஸ் நாடகக் கம்பெனி, டிக்கெட் வாங்கி வந்தவனுக்குக் காட்டுகிற தொழில். இங்கே பார்ப்பவனே கிடையாது மச்சான், எல்லோரும் ஆடுகிறவர்கள். பொறுக்க ஆரம்பித்தால் அடுத்த ஞாயிறு ஆயா வரமாட்டார்.

மறுத்தால் ஹால் போய்விடும். விழா பார்க்க வந்தவர்களையும் எழுப்பி ஆட விட்டுவிடலாமா என்று ஒரு யோசனை, பரிசும் கிடையாது, மேடையும் கிடையாது. அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் போதாது. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அந்தச் சுவாமிகள் சமாதிக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு ஒரு நாடகம்கூடப் பார்க்காத ஆள் நீ, அந்தப் பாவத்துக்காவது ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. உன் மீசையைப் பார்த்தால் அவர் கொஞ்சம் இறங்கி வருவார்.