வளவு அறைக்குப் பணம் வாங்கிக்கொண்டு புதுக் கட்டடத்தில் தங்க வைத்தது பற்றிய புகார்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
பாரம்பரிய மாளிகை விடுதி,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பொருள்: வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) திறக்கும் அறை என உறுதி செய்துவிட்டு அதைத் தராதது, கட்டண வித்தியாசத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். கடந்த தை மாதம் என் பெற்றோருடன் உங்கள் விடுதியில் இரண்டு இரவு தங்கினேன். கூடுதல் கட்டிலோடு ஓர் அறை, ஓர் இரவுக்கு 16,500 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 38,940 ரூபாயை முன்கூட்டியே கட்டிவிட்டேன். வந்த அன்றே வரவேற்பில் குறையைச் சொன்னேன், கிளம்பும்போது மேலாளரிடமும் சொன்னேன். "கவனிக்கிறோம்" என்பதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

உங்கள் விடுதியை நாங்கள் ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று சொன்னால்தான் குறையின் அளவு உங்களுக்குப் புரியும். என் அம்மா தேவகோட்டையில் இதே மாதிரி ஒரு செட்டிநாட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பங்காளிகளுக்குள் பாகம் பிரிந்து, பராமரிக்க ஆளில்லாமல், கடைசியில் வீட்டையே பிரித்து விற்றுவிட்டார்கள். தூண், நிலை, கதவு எல்லாம் மரத்தின் விலைக்குப் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதிப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்கு நிலை ஒன்று சாத்தி வைத்திருந்தால் அம்மா இன்றைக்கும் அங்கே நின்றுவிடுவார். திருமணமாகி 40 ஆண்டு நிறைகிறதே, எங்கே போகலாம் என்று கேட்டோம். "வளவைப் பார்த்த மாதிரி ஒரு ராத்திரி படுக்கணும்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இதைவிடக் குறைந்த செலவில் கடலோரத்திலும் மலையிலும் சொகுசு விடுதிகள் கிடைத்தன. நீச்சல் குளமும் மசாஜும் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. வீடுதான் வேண்டியிருந்தது. உங்கள் இணையப் பக்கத்தில் முகப்பு, பட்டாலை என்ற கூடம், தூண்கள் சூழ்ந்த வளவு, அதில் திறக்கும் கதவோடு 'வளவு அறை' என்று படங்கள் போட்டிருக்கிறீர்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் சேர்ந்ததையும் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் சந்தேகம் வேண்டாம் என்று, அறைக் கதவு வளவில்தான் திறக்குமா என மின்னஞ்சலில் கேட்டேன். ஆம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை இணைத்திருக்கிறேன்.

வந்து இறங்கியதும் முகப்பில் உட்கார வைத்து இளநீர் கொடுத்தார்கள். அப்புறம் வளவின் ஓரமாக, இரண்டாங்கட்டையும் பழைய அடுப்படியையும் கடந்து, கொல்லையில் புதிதாக எழுப்பிய மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனார்கள். பெரிய வீட்டு அறைகள் முழுவதையும் ஒரு கல்யாண வீட்டாருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். இங்கேதான் குளியலறை பெரிது என்று சமாதானம் வேறு.

அறைக்குள் நாலடி வைத்ததுமே அம்மா, "இது ஆத்தங்குடிக் கல் இல்லையே" என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு பூவிதழின் ஓரத்தில் பச்சை லேசாக வழிந்திருந்தது. அடுத்த கல்லிலும் அதே இதழில், அதே இடத்தில், அதே வழிசல். அறை முழுக்க அப்படியேதான். ஆத்தங்குடிப் பூக்கல்லைப் படம் எடுத்து அச்சடித்த தொழிற்சாலை டைல்ஸ் அது. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. ஒரு கல்லைப் போல இன்னொன்று அச்சாக அமையாது. உங்கள் விடுதியிலிருந்து சிறிது தூரத்தில் அந்த ஊர் இருக்கும்போது இப்படிச் செய்ய எப்படி மனம் வந்தது என்று எனக்குப் புரியவில்லை. சுவரிலும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய பூச்சு இல்லை, சாதாரண பெயின்ட்தான்.

சரி, படுப்பது எங்கேயோ இருக்கட்டும், மாலையில் வளவில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று போனோம். இரண்டு மாலையும் கல்யாண வீட்டாருக்காகக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். 40 வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு வளவைத் தேடி வந்த என் அம்மா, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இதற்கு எந்தப் பணமும் ஈடாகாது. மறுநாள் விடியற்காலையில் பெருக்கிக்கொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் மட்டும் கயிற்றை விலக்கி, "உட்காருங்க ஆச்சி, யாரும் இன்னும் எந்திரிக்கலை" என்று இடம் கொடுத்தார். அதற்காக அவரை எதுவும் கேட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் விடுதியில் எங்களை விருந்தாளியாக நடத்தியவர் அவர்தான்.

சாப்பாட்டில் குறையில்லை. கவுனி அரிசியும் வெள்ளைப் பணியாரமும் அம்மாவுக்கே பிடித்திருந்தன.

பூட்டிக் கிடந்து இடிந்துபோகும் வீடுகளை விடுதியாக்கிக் காப்பாற்றுவதை நான் மனதார வரவேற்கிறேன். பழைய வீட்டைக் காட்டிப் புதுக் கட்டடத்தை விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. நாங்கள் தங்கிய அதே அறையை உங்கள் இணையப் பக்கத்திலேயே 'தோட்ட அறை' என்று 7,800 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். ஓர் இரவுக்கு 8,700 ரூபாய் வித்தியாசம். இரண்டு இரவுக்கு 17,400, அதற்கான ஜிஎஸ்டி 3,132, ஆக 20,532 ரூபாயை என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். எந்த அறை பெரிய வீட்டில், எந்த அறை பின்கட்டடத்தில் என்று முன்பதிவுப் பக்கத்தில் தெளிவாகப் போட வேண்டும். தோட்ட அறைக்கு அதன் சொந்தப் படங்களையே வைக்க வேண்டும். வளவை மற்றவர்களுக்கு அடைக்கும் நாட்களை, பணம் வாங்கும் முன்பே சொல்ல வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், நான் குடியிருக்கும் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பணம் கட்டிய ரசீது, உங்கள் மின்னஞ்சல், அறைத் தரையின் படங்கள், தோட்ட அறைக் கட்டணம் தெரியும் பக்கத்தின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விடுதியில் தங்கிய வாடிக்கையாளர்,
சென்னை.