அந்த நினைவுகளை உங்கள் ஊரிலேயே அச்சிட விடுங்கள்

சீன மக்கள் குடியரசின் அரசுக்கு,

வணக்கம். கான்சு மாகாணத்து ஜியாபியன்கோ உழைப்பு முகாமைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1957-இல் கட்சியைக் குறை சொன்னவர்கள் என்று 'வலதுசாரி' முத்திரை குத்தி அந்தப் பாலைவன ஓரத்துக்கு யார் யாரை அனுப்பினீர்கள் என்ற கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. வெளியில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்தது, ஏறத்தாழ 3,000 பேர் போனார்கள், பாதிப் பேராவது திரும்பவில்லை என்பதுதான்.

பிழைத்து வந்தவர்கள் சொன்னதையும் எழுதியதையும் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். புல் விதையைத் தின்றது, எலியைப் பிடித்துத் தின்றது எல்லாம் எப்படியோ படித்துக் கடந்துவிட்டேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். முகாமைக் கலைத்த பிறகும் ஒரு மருத்துவரை மாதக்கணக்கில் அங்கேயே இருக்க வைத்திருக்கிறார்கள். எதற்கு? செத்துப்போனவர்களுக்கு மருத்துவக் குறிப்பு எழுத. ஆளுக்கொரு நோயை யோசித்து யோசித்து எழுதியிருக்கிறார். பட்டினி என்ற சொல் மட்டும் எந்தத் தாளிலும் வரவில்லை.

கோப்பே பொய் சொல்கிறது என்றால், பிழைத்தவரின் நினைவை விட்டால் அந்தக் குடும்பங்களுக்கு வேறு என்ன சான்று இருக்கிறது? அதனால்தான் கேட்கிறேன்: அந்த நினைவுக்குறிப்புகளைச் சீனாவுக்குள் தடையில்லாமல் அச்சிடவும் விற்கவும் விடுங்கள்.

கதை என்ற பெயரில் சிலவற்றை வர விட்டீர்கள், சரி. உண்மைப் பெயரோடும் தேதியோடும் எழுதிய பலர் ஹாங்காங்கையும் அமெரிக்காவையும் தேடிப் போக வேண்டியிருந்தது. 2020-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ஹாங்காங் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. 2013-இல் ஜியாபியன்கோவில் செத்தவர்களுக்காக ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அதைக்கூடச் சில நாட்களில் உடைத்துப் போட்டார்கள். ஒரு கல் உங்களை என்ன செய்துவிடும்?

1960-இல் மாணவராகக் கைதான ஹாரி வூ 19 ஆண்டுகள் உழைப்பு முகாம்களில் கழித்தார். வயல் எலியின் வளையைத் தோண்டி, அது சேர்த்து வைத்த தானியத்தை எடுத்துத் தின்று உயிரைக் காத்ததாக எழுதினார். அதை எழுத அவர் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. 2017-க்குப் பிறகு மேற்குச் சீனாவின் சிஞ்சியாங் முகாம்களில் அடைபட்ட உய்குர் முதலிய முஸ்லிம்களில் சிலரும் ஐரோப்பா போன்ற வெளியிடங்களில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். நீங்கள் அதைத் தொழிற்பயிற்சி மையம் என்கிறீர்கள். தொழில் படித்தவர் எவராவது அதைச் சொல்ல நாடு கடந்து ஓடுவாரா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது இரண்டே விஷயம். ஜியாபியன்கோ கோப்புகளை, அந்தப் பொய் மருத்துவக் குறிப்புகள் உட்பட, குடும்பத்தார் பார்க்கத் திறந்து வையுங்கள். பிழைத்தவர்கள் எழுதியதை அச்சிட விடுங்கள். 1957-இல் 20 வயதில் இருந்தவருக்கு இப்போது 90-ஐ நெருங்குகிறது. அவர் கண் தெரியும்போதே, அவர் எழுதிய புத்தகம் அவர் ஊர்க் கடையில் இருக்கட்டும். தயவு செய்து இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்