நம் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்க உதவுங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

ஊர் மக்களுக்கும், திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போயிருக்கும் நம் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

2018 நவம்பரில் கஜா புயல் நம் தொடக்கப் பள்ளியின் ஓடுகளைப் பிய்த்துப் போட்டபோது, நாங்கள் வாய் திறந்து கேட்கும் முன்பே பணம் அனுப்பினீர்கள். தென்னை அத்தனையும் சாய்ந்து, சொந்த வீட்டுக்கே கூரை இல்லாமல் கிடந்தவர்களும் கொடுத்தார்கள். கட்டடம் இப்போது நன்றாக இருக்கிறது. இந்த முறை கேட்பது வேறொன்றுக்காக. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் கற்றுத்தர மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கப் போகிறோம்.

நிலைமையைச் சொல்லிவிடுகிறோம். நான்காம் வகுப்புப் பிள்ளையின் நான்கு கோடு நோட்டை வாங்கிப் பாருங்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் இருந்ததை ஒரு புள்ளி பிசகாமல் எழுதியிருப்பாள். அதில் ஒரு சொல்லைத் தொட்டு, "இதைப் படிம்மா" என்று கேளுங்கள். "சி, ஏ, டி" என்பாள். பக்கத்தில் பூனைப் படம் இருந்தால் "கேட்" என்று முடிப்பாள். படத்தைக் கையால் மறைத்தால் அங்கேயே நின்றுவிடுவாள். பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு ஆங்கில வரிக்கு மேலும் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். சரளமாக ஒப்பிப்பதெல்லாம் அந்தத் தமிழைப் பார்த்துத்தான். 'பின்' என்று தமிழில் எழுதி வைத்தால் அது குண்டூசியா குப்பைத் தொட்டியா என்று யாருக்குத் தெரியும்? ஆங்கிலத்தில் அவற்றின் முதலெழுத்து (p, b) வேறு வேறு, ஒலியும் வேறு வேறு. இந்தப் பழக்கம் ஐந்தாம் வகுப்பு வரை ஓடிவிட்டால், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

ஆசிரியர்கள் மீது குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. இரண்டு பேர், ஐந்து வகுப்பு, எல்லாப் பாடமும். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, அட்டைகளையும் பாட்டையும் வைத்து நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் வாய்விட்டு வாசிப்பதைக் கடைசி வரை கேட்க அவர்களுக்கு நேரம் கிடையாது. வாசிப்பு வருவது அப்படிக் கேட்க ஓர் ஆள் இருக்கும்போதுதான். வசதியுள்ள வீட்டில் அதை அம்மாவோ டியூஷன் டீச்சரோ செய்துவிடுகிறார்கள். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் அம்மா என்ன செய்வார்?

தமிழில் ககரத்தைக் கற்றுக்கொண்டால் அதன் ஒலியும் கூடவே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, சொல்லுக்குள் அது தரும் ஒலி வேறு. 26 எழுத்தை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளை எழுத வேண்டியிருக்கிறது. ஆகவே ஏபிசிடியை வரிசையாக ஒப்பிக்கவைத்துத் தொடங்கப் போவதில்லை. முதலில் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலி மட்டும். இந்த ஆறும் பிடிபட்டாலே சிட், டிப், டின், பேன், நேப் என்று பத்துப் பதினைந்து சொற்களைப் படம் இல்லாமல் தானாகக் கூட்டி வாசித்துவிடலாம். அன்று கூட்டி வாசித்ததையே அன்று சொல்வதெழுதுதலாகவும் வைப்போம். தி (the), வாஸ் (was), செட் (said) மாதிரி விதிக்குள் அடங்காத சொற்களைக் கண்ணால் பார்த்துப் பழக்கித்தான் ஆக வேண்டும். அப்புறம்தான் கதைப் புத்தகம். தமிழே தடுமாறி வாசிக்கும் பிள்ளைகளும் சிலர் உண்டு. அவர்களுக்கு முதல் இரண்டு மாதம் தமிழ்தான். தாய்மொழியில் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு மொழி சீக்கிரம் வசப்படும் என்பதில் குழுவில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

ஆறாம் வகுப்பில் பலர் அரசுப் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவிலேயே சேர்கிறார்கள். அங்கே அறிவியலும் சமூக அறிவியலும் ஆங்கிலத்தில். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு பாடம் மட்டும் போகாது, ஒட்டுமொத்தப் படிப்புமே போய்விடும். தமிழ் வழியில் சேர்ந்தாலும் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத் தாள் காத்திருக்கிறது.

வகுப்பில் 38 பிள்ளைகள். பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் இரண்டு பெண்கள் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இருவருமே முன்பு அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களாக இருந்தவர்கள், பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமானவர்கள். ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று பத்து மாதத்துக்கு 80,000 ரூபாய். இதில் பேரம் பேச எங்களுக்கு விருப்பமில்லை. சும்மா வந்து சொல்லிக்கொடுங்கள் என்றால் அறுவடைக் காலத்தில் வகுப்பு நின்றுபோகும். படக்கதைப் புத்தகங்களுக்கு 18,000, நான்கு கோடு நோட்டு, சிலேட்டு, எழுத்து அட்டைகளுக்கு 7,000. மொத்தம் 1,05,000 ரூபாய். குழு உறுப்பினர்கள் 22,000 போட்டிருக்கிறோம். மீதி 83,000 ரூபாய்க்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

500 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. பணத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். குழு உறுப்பினர் யாரிடமும் ரொக்கமாகத் தர வேண்டாம். பழைய கைடுகளையும் கோனார் நோட்ஸையும் அனுப்பாதீர்கள், வைக்க இடமில்லை. பெரிய எழுத்தில், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியோடு படம் போட்ட கதைப் புத்தகங்கள் என்றால் எத்தனை வந்தாலும் வாங்கிக்கொள்வோம். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை குறைவு. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரிண்ட் எடுத்து பைண்ட் செய்து அனுப்பினாலும் போதும். ஊரில் இருப்பவர்கள் மாலையில் அரை மணி நேரம் வந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டால் அதுவும் பெரிய உதவி. அதற்கு உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் வகுப்பு தொடங்கும். வரவு செலவுக் கணக்கை ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் ஜனவரி 26 கிராம சபையிலும் வாசிப்போம். வெளியூரில் இருப்பவர்களுக்கு அதன் நகலை அனுப்பிவைப்போம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
மன்னார்குடி வட்டம்