நாஷ்வில்லேர்ந்து மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

நல்லா இருக்கேன், ரசம் வைக்கக் கத்துக்கிட்டேன்னு அத்தைகிட்ட சொல்லுங்க. அமெரிக்காவுல கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன ஊராச்சே, அந்த ஊரு பூரா பாட்டாமேன்னு கேட்டீங்கல்ல, போன்ல சொல்லி மாளாது, அதான் எழுதுறேன்.

எங்க கீழ்வீட்டுல ஒரு தாத்தா, லாரி ஓட்டி ரிடையர் ஆனவரு. கன்ட்ரின்னா இங்கத்த கிராமத்துப் பாட்டு வழில வந்தது; ஃபிடிலும் பெடல் ஸ்டீலும் இல்லன்னா அது கன்ட்ரி பாட்டே இல்லம்பாரு. ஃபிடில் நம்ம வயலின்தான், வாசிக்கிற விதம் வேற. பெடல் ஸ்டீல்னா கிடாரை மேஜை மாதிரி படுக்கப்போட்டு, காலால பெடல மிதிச்சு, முட்டியால நெம்புகோலைத் தள்ளி வாசிக்கிறது, சுரம் வழுக்கிக்கிட்டே போவும், பக்கத்து ரூம்ல யாரோ அழுவுற மாதிரி இருக்கும் மாமா.

ஒரு சனிக்கிழமை இங்க பிராட்வேன்னு பாருங்க நெறைஞ்ச தெருவுக்கு கூட்டிட்டுப் போனாரு. ஸ்டார் பாடகருங்க பேர்ல மாடி மாடியா பார், மாடிக்கு ஒரு பேண்டு, பாதி ராக் பாட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி கூத்தடிக்க வந்த பொண்ணுங்க கூட்டம் வேற. எர்னஸ்ட் டப்னு பழைய கன்ட்ரி பாடகரோட ரெக்கார்டு கடை 1947ல ஆரம்பிச்சது, 2022ல மூடிட்டாங்க, அந்த வாசல்ல கொஞ்ச நேரம் பேசாம நின்னாரு. அப்புறம் ராபர்ட்ஸ்னு ஒரு பாருக்குள்ள போனோம், அங்க இன்னும் பழைய பாட்டுதான், மனுசன் முகமே மாறிடுச்சு.

ரேடியோவைத்தான் ரொம்பத் திட்டுவாரு. முன்னாடி ஒரு கம்பெனி நாடு பூராவும் 40 ஸ்டேஷனுக்கு மேல வச்சுக்க முடியாதாம், 1996 சட்டத்துல அந்த வரம்பை எடுத்துட்டாங்க, பெரிய கம்பெனிங்க நூத்துக்கணக்குல வாங்கிப் போட்டு எந்த ஊருக்குப் போனாலும் அதே பாட்டுதான்.

ஆனா ஒண்ணு மாமா. 1950கள் கடைசில ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி வியாபாரம் படுத்தப்போ, செட் அட்கின்ஸ் மாதிரி ரெக்கார்டு தயாரிக்கிற ஆளுங்க நாஷ்வில்லயே ஃபிடிலையும் ஸ்டீலையும் ஓரங்கட்டி, வயலின் கும்பலையும் கோரஸையும் சேர்த்து விட்டாங்க, அப்பவும் இது கன்ட்ரியே இல்லன்னு சண்டைதான். தாத்தாவுக்கு உசிரான பாடகி பாட்ஸி க்ளைன் பாட்டும் அந்தக் காலத்ததுதான். அதை அவருகிட்டயே கேட்டுட்டேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்துட்டு "அது வேற"ன்னாரு. ராஜா சின்தசைசர் போட்டதைச் சொன்னா நீங்க சொல்ற அதே "அது வேற"!

அடுத்த மாசம் கிராண்ட் ஓல் ஆப்ரிக்குப் போறோம், மேடைல பாடி ரேடியோல வர்ற பழைய கன்ட்ரி நிகழ்ச்சி அது. 1974ல புது அரங்கத்துக்கு மாறினப்போ ரைமன்கிற பழைய அரங்கத்து மேடைலேர்ந்து ஆறடி வட்டமா மரத்தை அறுத்து புது மேடைல பதிச்சாங்களாம், அதை நான் பாத்தே ஆவணுமாம். டிக்கெட் என் காசு, பார்க்கிங் அவரு காசு.

யாராச்சும் வந்தா கட்டிப் பெருங்காயம் குடுத்து விடுங்க.

உங்க மருமவன்